பாலர் பாதுகாப்பும் சட்டத்தின் அளவுகோலும்

சென்னையின் தென்கோடியில், கடலுக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் பாலவாக்கம் கிராமம் 2011-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் சென்னைக் கார்ப்பரேஷனுடன் சேர்க்கப்பட்டது. அதுவும் அதைப் போன்ற வேறு பல ஊர்களுமாக 42 ஸ்தல ஸ்தாபனங்கள் அப்போது ஒரே சமயத்தில் நகரத்துக்குள் வந்தன. வரி ஏறுமென்று சிலர் அஞ்சினர். தெருவிளக்கும் சாக்கடையும் குடிதண்ணீரும் வருமென்று பலர் சந்தோஷப்பட்டனர். இவை கண்ணுக்குத் தெரியும் லாப நஷ்டங்கள். அந்த மாறுதலினால் பாலவாக்கத்துக் குழந்தைகளுக்குச் சட்டம் அளித்திருந்த ஒரு பாதுகாப்பு சரிபாதியாகக் குறைந்துபோயிற்று என்பதோ சட்டப் புஸ்தகத்தைப் புரட்டுகிறவர்களுக்கன்றி மற்றவர்களுக்கு எளிதில் புலப்படக்கூடியதன்று.

சரிபாதி என்று நாம் சொல்வது மீட்டர்க் கணக்கில். மதுபானச் சில்லறை விற்பனைக் கடைகளுக்காகத் தமிழ்நாட்டு சர்க்கார் 2003-ஆம் வருஷத்தில் வகுத்த விதிகளில் 8-வது விதியானது, கார்ப்பரேஷன், முனிசிபாலிடி எல்லைகளுக்குள் வழிபாட்டு ஸ்தலத்துக்கோ கல்வி ஸ்தாபனத்துக்கோ 50 மீட்டர் தூரத்துக்குள்ளும், ஏனைய இடங்களில் 100 மீட்டர் தூரத்துக்குள்ளும் மதுக்கடை வைக்கலாகாது என்கிறது. பஞ்சாயத்துக் கிராமமாயிருந்த வரையில் பாலவாக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கும் மதுக்கடைக்கும் நடுவே நூறு மீட்டர் நிலம் கிடக்க வேண்டும் என்பது சட்டம். நகரவாசி என்ற அந்தஸ்து கிடைத்த மறுநாளே ஐம்பது மீட்டர் போதுமென்றாகிவிட்டது. பையன் அதே பையன், பள்ளிக்கூடம் அதே பள்ளிக்கூடம். ஐம்பது மீட்டரை ஒரு பத்து வயதுச் சிறுவன் ஒரு நிமிஷத்தில் நடந்து கடந்துவிடுவான். ஓடினால் அதுவும் வேண்டாம். இதுவும் போதாதென்று, கடை வைக்கும் இடம் நகரமைப்பு அதிகாரிகளால் வியாபாரப் பகுதியென்று குறிக்கப்பட்டிருந்தால் மேற்படி ஐம்பது மீட்டரையும் பார்க்க வேண்டியதில்லை என்று அதே விதியில் ஒரு விலக்கும் வைத்திருக்கிறார்கள்.

நகரத்தில் நிலம் நெருக்கம், ஆகையால் தூரத்தைக் குறைத்தார்கள் என்று சமாதானம் சொல்லப்படலாம். நிலம் நெருக்கமென்றால் ஜனமும் நெருக்கம். ஜனம் நெருக்கமென்றால் குழந்தைகளும் அதிகம். நூறு மீட்டருக்குள் நகரத்தில் எத்தனை குழந்தைகள் நடமாடுகிறார்களோ, அத்தனை குழந்தைகள் ஒரு கிராமம் முழுவதிலும் இருப்பார்களா என்பது சந்தேகம். எங்கே ஆபத்து அதிகமோ அங்கே வேலியை உட்புறமாக நகர்த்தி வைப்பது எந்த நியாயத்தைச் சேர்ந்ததென்று நமக்கு விளங்கவில்லை.

நகரவாசியானதன் பலனைப் பாலவாக்கம் இரண்டாவது முறையும் அனுபவித்தது. 2016-ஆம் வருஷம் டிசம்பர் 15-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, தமிழ்நாட்டு சர்க்காருக்கும் வக்கீல் ஸ்ரீ கே. பாலுவுக்கும் நடந்த வழக்கில், தேசிய நெடுஞ்சாலைகளிலும் ராஜ்ய நெடுஞ்சாலைகளிலும் 500 மீட்டருக்குள் மது விற்பனை கூடாதென்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு எழுந்தது சாலை விபத்துக்களைத் தடுப்பதற்காக. குழந்தைகளைப் பற்றிய சிந்தனையினால் அன்று. எனினும் பாலவாக்கத்தின் நடுவே ஓடும் கிழக்குக் கடற்கரைச் சாலை 49-வது ராஜ்ய நெடுஞ்சாலையாதலால், அதற்கு இருமருங்கும் அரைக் கிலோமீட்டர் என்றால் அந்த ஒடுங்கிய ஊரில் பெரும்பகுதி அடங்கிவிடும். குழந்தைகளுக்கென்று போட்ட சட்டம் ஐம்பது மீட்டர் கொடுத்த இடத்தில், மோட்டார் வண்டிகளுக்காகப் போட்ட உத்தரவு ஐந்நூறு மீட்டர் கொடுத்தது. 2017-ஆம் வருஷம் மார்ச்சு 31-ந் தேதி, 20,000 பேருக்கு மேற்படாத ஊர்களுக்கு அந்தத் தூரம் 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. அதே வருஷம் ஜூலை 11-ந் தேதி, சண்டிகார் சம்பந்தமான ஒரு மனுவில், முனிசிபல் எல்லைக்குட்பட்ட லைசென்ஸ் கடைகளை இந்த உத்தரவு தடுக்கவில்லை என்று கோர்ட்டு விளக்கம் கூறிற்று. கிராமமாகவே இருந்திருந்தால் அந்த விளக்கம் பாலவாக்கத்தைத் தொட்டிராது.

இவ்வளவும் எந்தச் சட்டத்தின் நிழலில் நடக்கிறது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். மேலே சொன்ன 2003-ஆம் வருஷத்து விதிகள், 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் பிறந்தவை! ராஜாஜியின் மந்திரிசபை அந்த வருஷம் அக்டோபர் 1-ந் தேதி சேலம் ஜில்லாவில் முதன்முதலாக அமலுக்குக் கொண்டுவந்த சட்டம் அது. வருமான நஷ்டத்தை ஈடு செய்வதற்காக 1939-ல் விற்பனை வரியும் போட்டார்கள். 1948-ஆம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி மாகாணம் முழுவதிலும் மதுவிலக்குப் பரவிற்று. 1971-ல் அது நிறுத்தி வைக்கப்பட்டதும், பிறகு திரும்பியதும், மறுபடி போனதும், 1983-ல் டாஸ்மாக் என்ற சர்க்கார் கம்பெனி தோன்றியதும், 2003 நவம்பரில் சில்லறை வியாபாரத்தையும் சர்க்காரே ஏற்றதும் யாவரும் அறிந்த கதை. சட்டத்தின் பெயர் மட்டும் மாறவில்லை. மதுவை விலக்கும் சட்டத்தினால் மது விற்கப்படுகிறது. 2023-24-ல் அதனால் கஜானாவுக்கு வந்த தொகை ரூ. 45,855 கோடிக்கு மேல். ஈடு செய்வதற்காகப் போட்ட விற்பனை வரியும் தங்கிவிட்டது, மது வருமானமும் திரும்பி வந்துவிட்டது. இது நிற்க.

அந்தச் சேலம் ஜில்லாவிலிருந்து வந்த சசிபெருமாள் என்ற காந்தியவாதி, 2015-ஆம் வருஷம் ஜூலை 31-ந் தேதி கன்னியாகுமரி ஜில்லாவில் மார்த்தாண்டத்துக்கு அருகே உண்ணாமலைக்கடையில் ஒரு டெலிபோன் கோபுரத்தின் மீதேறிப் போராடி அங்கேயே உயிர் நீத்தார். அவர் கேட்டது தமிழ்நாடு முழுவதும் மதுவிலக்கு என்பது மெய். ஆயினும் அன்று கோபுரத்தில் ஏறியது ஒரேயொரு கடைக்காக. பள்ளிக்கூடத்துக்கும் வழிபாட்டு ஸ்தலத்துக்கும் சமீபத்திலிருந்த ஒரு மதுக்கடையை அகற்ற வேண்டும் என்பதே அன்றைய கோரிக்கை. மீட்டர்க் கணக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு அதைவிடச் சாட்சியம் வேண்டுவதில்லை. அதற்குப் பின்னர் 2016-லும் 2017-லும் 2023-லும் ஐந்நூறு ஐந்நூறாகக் கடைகள் மூடப்பட்டன. மூடியதை நாம் வரவேற்கிறோம். ஆனால் எண்ணிக்கையைக் குறைப்பது வேறு, எஞ்சிய கடை எங்கே நிற்கலாம் என்ற விதியைத் திருத்துவது வேறு. விதி திருந்தவில்லை.

இனி, தூரத்தை விட்டுத் தண்டனைக்கு வருவோம். குழந்தைகளுக்கென்று தனிச் சட்டம் செய்வதில் நம்முடைய மாகாணமே இந்தியாவுக்கு வழிகாட்டிற்று. சென்னைக் குழந்தைகள் சட்டம் 1920-ல் பிறந்தது; வங்காளம் 1922-லும் பம்பாய் 1924-லும் பின்தொடர்ந்தன. இன்று தேசம் முழுமைக்கும் பொதுவாயிருப்பது 2015-ஆம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டம். அதற்கு முந்திய 2000-ஆம் வருஷத்துச் சட்டத்தில், குழந்தைக்கு மதுவோ லாகிரி வஸ்துவோ கொடுப்பவனுக்கு மூன்று வருஷம் வரையில் சிறைத் தண்டனை. புதிய சட்டத்தின் 77-வது பிரிவு அதை ஏழு வருஷக் கடுங்காவலாகவும் ஒரு லட்ச ரூபாய் அபராதமாகவும் உயர்த்தியதுடன், புகையிலைப் பண்டங்களையும் சேர்த்துக்கொண்டது. டாக்டரின் உத்தரவின்றி எவரும் கொடுக்கலாகாது. கொடுப்பவன் கடைக்காரனா, மாமனா, சிநேகிதனா என்ற பேதமில்லை. குழந்தையைக் கொண்டு லாகிரி வஸ்துக்களை விற்பதற்கும் சுமக்கச் செய்வதற்கும் 78-வது பிரிவில் அதே தண்டனை. பார்லிமெண்டு இதைச் செய்தபோது நாட்டிலுள்ள தாய்மார்கள் எல்லோரும் ஆசீர்வதித்திருப்பார்கள்.

ஆனால் 2021-ல் என்ன நடந்தது? முந்திய வருஷம் ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு, சிறுவர்கள் செய்யும் குற்றங்களை வகைப்படுத்தியதில் ஓர் ஓட்டை இருப்பதைச் சுட்டிக்காட்டியிருந்தது. அந்த ஓட்டையை அடைப்பதற்காக ஒரு திருத்த மசோதா வந்தது. ஓர் ஓட்டையை அடைக்கப் புறப்பட்ட அந்தத் திருத்தம் 86-வது பிரிவில் வேறொன்றைத் திறந்துவிட்டது. மூன்று வருஷத்துக்குக் குறையாமலும் ஏழு வருஷத்துக்கு மேற்படாமலும் தண்டனைக்குரிய குற்றங்கள் யாவும், போலீஸார் வாரண்டின்றிக் கைது செய்யக் கூடாத குற்றங்களென்று அது விதித்தது. 2022-ஆம் வருஷம் செப்டம்பர் 1-ந் தேதி அது அமலுக்கு வந்தது. குழந்தைக்கு மது கொடுப்பதும் குழந்தையை லாகிரிச் சுமைகூலியாக்குவதும் இந்த வகையில் விழுகின்றன.

சட்டம் படியாத வாசகர்களுக்காக இதன் பொருளைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். இவ்வகைக் குற்றத்தைப் பற்றி ஒரு தாய் போலீஸ் ஸ்டேஷனுக்குச் சென்று முறையிட்டால், அதிகாரி அதை ஒரு புஸ்தகத்தில் குறித்துக்கொண்டு, ‘மாஜிஸ்ட்ரேட்டிடம் போ’ என்று அனுப்ப வேண்டியவரே. மாஜிஸ்ட்ரேட்டின் உத்தரவில்லாமல் அவர் விசாரணை தொடங்க முடியாது. குற்றவாளி எதிரே நின்றாலும் வாரண்டின்றிப் பிடிக்க முடியாது. ஒருவனுடைய மோட்டார் சைக்கிளைத் திருடியவனை அவர் உடனே பிடிக்கலாம்; அவனுக்கு மூன்று வருஷமே தண்டனை. ஒருவனுடைய மகனுக்கு மதுப்புட்டியைத் திறந்து கொடுத்தவனுக்கு ஏழு வருஷம் தண்டனை, ஆனால் அவனைப் பிடிக்க இந்தப் பிரிவின்படி முடியாது. தனிச்சட்டம் ஒன்றும் சொல்லாமல் சும்மா இருந்திருந்தால்கூட, மூன்று முதல் ஏழு வருஷம் வரை தண்டனைக்குரிய குற்றங்களைப் பழைய குற்ற விசாரணை முறைச் சட்டமும், 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டமும் போலீஸார் நேரே பிடிக்கக்கூடிய குற்றங்களாகவே அட்டவணையில் வைத்திருக்கின்றன. குழந்தைகளைக் காப்பதற்கென்று பிறந்த சட்டம் பொதுச் சட்டத்தைக் காட்டிலும் குறைவான பாதுகாப்பை அவர்களுக்கு அளிப்பது விந்தையே. இதில் மற்றொரு வேடிக்கையும் உண்டு. இதே குற்றங்கள் ஜாமீனில் விடத்தகாதவை என்றும் அதே பிரிவு கூறுகிறது. பிடிக்க முடியாது, பிடித்துவிட்டால் விட முடியாது! நாம் கோர்ட்டில் கழித்த வருஷங்களில் இப்படிப்பட்ட ஜோடியை அதிகம் கண்டதில்லை.

மத்திய சர்க்கார் 2016-ல் வகுத்த மாதிரி விதிகள், போதையிலோ போதைப் பண்டத்துடனோ ஒரு குழந்தை காணப்பட்டால் அது அக்குழந்தையின் கைக்கு எப்படி வந்ததென்று போலீஸார் விசாரித்து உடனே முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. விதி ‘உடனே’ என்கிறது, சட்டம் ‘மாஜிஸ்ட்ரேட்டைக் கேள்’ என்கிறது. இரண்டும் முட்டினால் விதி தோற்கும் என்பது பாலபாடம். டில்லிக் குழந்தைகள் உரிமைக் கமிஷன் இந்தத் திருத்தத்தை ஆட்சேபித்து 2022-ல் சுப்ரீம் கோர்ட்டின் வாயிலுக்குச் சென்றது. ஒரு சர்க்கார் ஸ்தாபனமே கோர்ட்டுக்கு ஓட வேண்டிய நிலைமையைப் பார்லிமெண்டு ஏற்படுத்தியிருக்க வேண்டியதில்லை.

நியாயமாகச் சொல்லப் போனால், கஞ்சா விற்பவன் முற்றிலும் தப்பிவிடுவதில்லை. 1985-ஆம் வருஷத்து லாகிரி வஸ்துக்கள் சட்டத்தின்படி போலீஸார் அவனை நேரே பிடிக்கலாம். அந்தச் சட்டத்தில் 2001-ல் சேர்க்கப்பட்ட 32-பி பிரிவு, குழந்தைகள் பாதிக்கப்பட்டாலும் அவர்களைக் குற்றத்துக்கு உபயோகித்தாலும், பள்ளிக்கூடத்திலோ அதன் சமீபத்திலோ, படிப்புக்காகவும் விளையாட்டுக்காகவும் மாணவர்கள் கூடும் வேறு இடத்திலோ குற்றம் நடந்தாலும், குறைந்தபட்சத் தண்டனைக்கு மேல் விதிக்கும்போது நீதிபதி அதைக் கருதலாம் என்கிறது. விளையாட்டுக்காகக் கூடும் இடம்! நமது சட்டங்களுக்குள் குழந்தை பள்ளிக்கூடத்துக்கு வெளியிலும் ஜீவித்திருக்கிறது என்பதை உணர்ந்த பிரிவு இது. ஆனால் சில்லறைக் கஞ்சா வியாபாரியிடம் இதன் பலம் செல்லாது. ஒரு கிலோவுக்குட்பட்ட கஞ்சா ‘சிறிய அளவு’. அதற்கு ஒரு வருஷம் வரையில் சிறையே உண்டு, குறைந்தபட்சம் என்று ஒன்று கிடையாது. பள்ளிப் பையனுக்கு விற்பவன் கிலோக் கணக்கில் எடுத்துக்கொண்டா போகிறான்? சட்டைப்பையில் பொட்டலம் பொட்டலமாகத்தான் போகிறான்.

சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில் நாம் பாலவாக்கத்துக் கடற்கரையில் சிறிது தூரம் நடந்தோம். கரையேற்றி வைத்த படகுகளுக்கு நடுவே குப்பத்துப் பிள்ளைகள் பந்தாடிக் கொண்டிருந்தார்கள். இருட்டத் தொடங்கியதும் காரிலும் மோட்டார் சைக்கிளிலும் வந்தவர்கள் மணலில் வட்டமாக அமர்ந்து புட்டிகளைத் திறந்தார்கள். பந்தாட்டம் நின்றுவிடவில்லை, பந்து ஒரு முறை அவர்கள் நடுவே போய் விழுந்ததும் ஒரு சிறுவன் போய்க் கேட்டு வாங்கிவந்தான். எட்டு ஒன்பது வயதுக்கு மேலிராத மற்றொருவன் காலிப் புட்டிகளைக் கோணியில் பொறுக்கிக்கொண்டிருந்தான். உடைந்தவற்றை விட்டுவிட்டு முழுப் புட்டிகளை மட்டும் எடுத்தான். உடைந்தவை மறுநாள் காலையில் வெறுங்காலோடு வலை இழுக்க வருபவர்களுக்காக மணலிலேயே கிடந்தன. மேலே நாம் அளந்த ஐம்பது மீட்டர், நூறு மீட்டர் எதுவும் இந்த இடத்தைத் தீண்டாது. கடற்கரை பள்ளிக்கூடமுமல்ல, கோயிலுமல்ல. ஆனால் அந்த ஊர்ப் பிள்ளைகள் விழித்திருக்கும் நேரத்தில் பள்ளியில் இருப்பதற்குக் குறையாத காலத்தை அங்கேதான் கழிக்கிறார்கள்.

புகையிலையின் கதை இன்னும் பரிதாபம். 2003-ஆம் வருஷத்து மத்தியச் சட்டம், பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கும், கல்வி ஸ்தாபனங்களுக்கு நூறு கஜத்துக்குள்ளும் சிகரெட்டு முதலியவற்றை விற்கக் கூடாதென்று தடுத்தது. மீறினால் அபராதம் இருநூறு ரூபாய் வரையில். சிகரெட்டுப் பெட்டியின் விலையைப் பார்க்கும்போது இது தண்டனையா, லைசென்ஸ் கட்டணமா என்று கேட்கத் தோன்றுகிறது. மதுவுக்கு மீட்டர், புகையிலைக்குக் கஜம். நாம் முன்னர் குறிப்பிட்ட மாதிரி விதிகளிலோ, குழந்தைகள் காப்பகத்துக்கு இருநூறு மீட்டருக்குள் மதுவோ புகையிலையோ விற்றால் அதுவே 77-வது பிரிவுக் குற்றமாகும். அனாதைக் குழந்தைக்கு இருநூறு மீட்டர் கிடைத்ததில் நமக்குப் பொறாமையில்லை. தாய் தந்தையுள்ள குழந்தைக்கு ஏன் நாலில் ஒரு பங்கு என்றுதான் கேட்கிறோம்.

சட்டத்தின் கண்ணில் படாத விஷம் ஒன்றும் உண்டு. எழுத்துப் பிழையை அழிக்கும் வெள்ளைத் திரவம், அதைக் கரைக்கும் ‘தின்னர்’, சைக்கிள் டியூப் ஒட்டும் பசை இவற்றைத் துணியில் ஊற்றி முகர்வது. சுப்ரீம் கோர்ட்டு 2016-ஆம் வருஷம் டிசம்பர் 14-ந் தேதி, பச்பன் பச்சாவோ ஆந்தோலன் தொடுத்த வழக்கில், குழந்தைகளிடையே போதைப் பழக்கம் எவ்வளவு பரவியிருக்கிறதென்று தேசம் முழுவதும் கணக்கெடுக்கும்படி இந்திய சர்க்காருக்கு உத்தரவிட்டது. டில்லி அகில இந்திய வைத்திய விஞ்ஞான ஸ்தாபனத்தார் நடத்தி 2019-ல் வெளியான கணக்கெடுப்பின்படி, பெரியவர்களைவிடக் குழந்தைகளிடம் அதிகமாகக் காணப்படும் போதைப்பழக்கம் இந்த முகரும் வகை ஒன்றே. பெரியவர்களில் நூற்றுக்கு 0.58 பேர் என்றால், பத்து முதல் பதினேழு வயதினரில் 1.17 பேர். உதவி தேவைப்படும் நிலைக்கு வந்துவிட்ட குழந்தைகள் 4.6 லட்சம். இவர்கள் மதுக்கடைக்குப் போவதில்லை. எழுதுபொருள் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் போகிறார்கள். வெள்ளைத் திரவத்தையும் தின்னரையும் புட்டியில் விற்பதை 2012-ல் மத்திய சர்க்கார் தடை செய்தது. பசைக்கு என்ன செய்வது? 77-வது பிரிவின் பட்டியலில் மது உண்டு, லாகிரி வஸ்து உண்டு, மனத்தை மயக்கும் மருந்து உண்டு, புகையிலை உண்டு. பசையும் தின்னரும் இல்லை. ஏழைக் குழந்தையின் விஷமாதலால் விட்டுப்போயிற்றோ என்னவோ.

வீட்டைப் பற்றிச் சட்டம் இதைவிடக் கூச்சப்படுகிறது. இங்கிலாந்தில் 1908-ஆம் வருஷத்திலேயே, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மது கொடுப்பதைக் குற்றமாக்கினார்கள். பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை மதுக்கடையின் குடிக்கும் அறைக்குள் விடக் கூடாதென்றும் தடுத்தார்கள். நம் நாட்டில் 2015 ஜூலையில் திருவண்ணாமலை ஜில்லாவிலுள்ள ஒரு கிராமத்தில், நாலு வயதுக் குழந்தைக்குச் சொந்த மனிதர்களே மதுவைப் புகட்டி, அதைச் சலனப்படமாக எடுத்து வெளியிட்ட கொடுமை நாட்டையே நடுங்கச் செய்தது. படம் வெளியானதால் கைது நடந்தது. படம் எடுக்கப்படாத வீடுகளில் என்ன நடக்கிறதென்று யார் காண்பார்? 2023 ஏப்ரலில் திருமண மண்டபங்களிலும் விசேஷ லைசென்ஸ் பெற்று மது பரிமாறலாமென்று தமிழ்நாட்டு சர்க்கார் ஒரு விதி வெளியிட்டனர். பெரும் எதிர்ப்புக் கிளம்பியதும் திருமண மண்டபத்தை அதிலிருந்து நீக்கிவிட்டனர். நீக்கியது நல்லதே. பந்தியில் குழந்தைகள் உட்காருவார்கள் என்ற நினைவு விதியை எழுதியவருக்கு எழுதும்போது வராமல், ஜனங்கள் கூச்சலிட்ட பிறகு வந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் அறுபதுக்கு மேற்பட்டோரைக் கொன்றபோது, தாய் தந்தை இருவரையும் ஒருசேர இழந்த குழந்தைகளும் இருந்தனர். அவர்களுக்கு மாதாந்தர உதவியும் வைப்பு நிதியும் அறிவித்தார்கள். குடியினால் குழந்தைக்கு வரும் தீங்கில், சர்க்கார் கணக்குப் போட்டு ஈடுகட்ட முன்வந்தது இந்தக் கடைசிப் படியில்தான். மரணம் வரை போகாத தினசரித் தீங்குக்கு 75-வது பிரிவு இருக்கிறது; பொறுப்பிலுள்ள குழந்தையை அடித்து வதைத்தாலும் வேண்டுமென்றே கவனியாமல் விட்டாலும் மூன்று வருஷம் வரை சிறை. ஆனால் தினமும் குடித்துவிட்டு வந்து வீட்டைக் கலக்கும் தகப்பன் மீது எந்தப் பிள்ளை பிராது கொடுக்கும்? 1098 என்ற டெலிபோன் எண்ணைச் சுவரில் எழுதி வைத்தால் மட்டும் போதாது. கூப்பிட்டால் வருகிறவர் போலீஸ்காரராக அன்றி, வீட்டுக்குள் வந்து தாயோடு உட்கார்ந்து பேசக்கூடிய ஒருவராக இருக்க வேண்டும்.

தூரத்தை அளக்கும் சட்டங்களை முற்றிலும் நம்பியிருப்பவர்கள் அமெரிக்க அனுபவத்தையும் பார்க்க வேண்டும். அங்கே மத்தியச் சட்டம் பள்ளிக்கூடத்துக்கு 1,000 அடிக்குள் லாகிரி வஸ்து விற்பவனுக்கு உச்ச தண்டனையை இரட்டிப்பாக்குகிறது. நியூ ஜெர்ஸி ராஜ்யமும் அதே போல் ஆயிரம் அடி வட்டம் போட்டது. நெருங்கிய நகரங்களில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக வட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஊர் முழுவதையும் மூடிக்கொண்டன. எல்லா இடமும் தடுக்கப்பட்ட இடமாகிவிட்டால், பள்ளிக்கூடத்தை விட்டு விலகிப்போக விற்பவனுக்குக் காரணமேது? 2010-ல் அந்தச் சட்டத்தைத் தளர்த்தி நீதிபதிகளின் விவேகத்துக்கு விட்டார்கள். ஆகையால் ஐம்பதை ஐந்நூறாக்கிவிட்டால் கஞ்சா ஒழிந்துவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. அங்கே தடுக்கப்பட்டது ஒளிந்து விற்பவனை. இங்கே நாம் பேசுவது சர்க்காரே பலகை மாட்டி நடத்தும் கடையை. ஒளிந்து விற்பவனுக்கு வட்டம் பொருளற்றது. சர்க்கார் கடைக்கு அது ஓர் உத்தரவு. கீழ்ப்படிவதில் அதற்குக் கஷ்டமொன்றுமில்லை.

ஐஸ்லாந்து என்ற சிறு தேசத்தில் வேறு வழி தேடினார்கள். 1998-ல் அங்கே பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 42 பேர், முந்திய மாதத்தில் குடித்து வெறித்திருந்ததாகக் கூறினார்கள். 2016-ல் அது 5 ஆயிற்று. தினமும் சிகரெட்டுக் குடிப்பவர் 23-லிருந்து 3 ஆகக் குறைந்தனர். சட்டத்தினாலா என்றால், ஓரளவு சட்டத்தினால். பிள்ளைகள் இரவு அகாலத்தில் வெளியே திரியக் கூடாதென்று விதித்தார்கள். ஆனால் அதைவிட முக்கியமாக, விளையாட்டுக்கும் சங்கீதத்துக்கும் சர்க்கார் பணம் கொடுத்தது; வருஷந்தோறும் பிள்ளைகளையே கேட்டுக் கணக்கெடுத்தார்கள்; பெற்றோரை ஊர் ஊராகக் கூட்டிப் பேச வைத்தார்கள். பாலவாக்கத்துக்கு ஐஸ்லாந்தின் செல்வமில்லை. ஆனால் கடல் மணலும், ஐஸ்லாந்திடம் இல்லாத வருஷம் முழுவதுமான வெயிலும் இருக்கின்றன. மாலை ஆறு மணிக்குப் பிறகு அந்த மணலில் விளக்கு எரிந்தால், வலைப்பந்துக் கம்பம் இரண்டு நட்டால், புட்டியோடு வட்டமாக உட்காருபவர்கள் தாமாகவே வேறு இடம் தேடுவார்கள். கார்ப்பரேஷன் செய்யக்கூடிய காரியம் இது. கடலாமைகள் முட்டையிட வரும் மாதங்களில் விளக்கு ஆகாதென்று சொல்வார்கள், அது மெய். அந்த மாதங்களுக்கு ஊருக்குள்ளே ஒரு மைதானம் ஒதுக்கட்டும்.

பிடிபட்ட பிள்ளையை என்ன செய்வது என்பதிலேதான் நாம் எல்லோரும் தவறிப்போகிறோம். கஞ்சா வாசனை வந்ததென்று கண்டதும் பள்ளிக்கூடத்துத் தலைமை உபாத்தியாயர் செய்யும் முதற்காரியம், பெற்றோரை அழைத்து ‘மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போங்கள்’ என்பது. பள்ளிக்கூடத்தின் பெயர் காப்பாற்றப்படுகிறது. பையன் எங்கே போகிறான்? எவன் அவனுக்குக் கொடுத்தானோ அவனிடமே நாள் முழுவதும் போய்ச் சேருகிறான். சிறார் நீதிச் சட்டமோ, லாகிரிப் பழக்கத்திலோ வியாபாரத்திலோ இழுக்கப்படக்கூடிய நிலையிலுள்ள பிள்ளையைக் ‘கவனிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை’ என்று அழைக்கிறது. அவனைக் குழந்தைகள் நலக் கமிட்டியின் முன் கொண்டுபோக வேண்டும் என்பதே அதன் கருத்து. தெருவில் தள்ள வேண்டுமென்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. இந்த ஒரு பிரிவை ஒவ்வொரு பள்ளிக்கூடத்தின் ஆபீஸ் அறையிலும் தமிழில் எழுதித் தொங்கவிட்டால், அதற்குச் செலவு ஒரு அட்டையும் ஒரு ஆணியும்.

86-வது பிரிவைத் திருத்துவது பார்லிமெண்டின் காரியம். தமிழ்நாட்டிலிருந்து லோக சபைக்குச் சென்றிருக்கும் 39 அங்கத்தினர்களும் கக்ஷி பேதத்தை ஒரு நாள் மறந்து, குழந்தைக்குப் போதைப்பொருள் கொடுப்பதும், குழந்தையைக் கொண்டு அதை விற்பதும் போலீஸார் உடனே பிடிக்கக்கூடிய குற்றங்களாக வேண்டும் என்று கேட்டால், அதை மறுத்துப் பேச எந்தக் கக்ஷிக்கு நாவெழும்? பசையையும் தின்னரையும் 77-வது பிரிவில் சேர்க்கும்படியும் அப்போதே கேட்கலாம். ஐம்பது மீட்டர் விஷயத்துக்கோ டில்லிவரை போக வேண்டியதில்லை. சட்டசபையைக் கூட்ட வேண்டிய அவசியமும் கிடையாது. 2003-ஆம் வருஷத்து விதிகள் சர்க்கார் கெஜட்டில் ஓர் அறிவிப்பினால் பிறந்தவை. அறிவிப்பினாலேயே திருந்தக் கூடியவை. கார்ப்பரேஷனுக்கும் முனிசிபாலிடிக்கும் தனி அளவு வைக்கும் வாசகத்தை எடுத்துவிட்டு, எல்லா ஊருக்கும் குறைந்தது நூறு மீட்டர் என்று ஒரே அளவை எழுதி, வியாபாரப் பகுதி விலக்கை அடித்து, ‘கல்வி ஸ்தாபனம்’ என்பதற்குப் பக்கத்தில் ‘குழந்தைகள் விளையாடும் மைதானமும் கடற்கரையும்’ என்று சேர்க்க வேண்டும். மதுவிலக்கு இலாகா காரியதரிசியின் மேஜைமேல் ஒரு காலை நேரத்தில் முடியக்கூடிய வேலை இது. அந்த அறிவிப்பு வெளியாகும் நாளில் அதை முதல் பக்கத்தில் பிரசுரிக்க நாம் சித்தமாயிருக்கிறோம்.